பேசாமலே ‘பேசியபடி’

துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் எங்கள் அலுவலகத்தில் ‘அஸ் டிஸ்கஸ்டு’ என்று தொடங்காத மெயில் கிடையாது. ‘பேசியபடி’ என்று பொருள். பேசியிருந்தால்தானே அப்படி எழுத வேண்டும்? இங்கே முகமே பார்க்காத ஆளுக்கும் பேசியபடிதான். மகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட எங்கள் சீனியர் அண்ணாச்சி அப்படித்தான் அனுப்பினார். சிரித்துக்கொண்டே போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. உறைந்த இறால் ஏற்றிய கன்டெய்னர், துறைமுக கேட் மூடுவதற்குள் உள்ளே போகவில்லை, கப்பல் கிளம்பிவிட்டது. லாரிக்காரரிடம் சொல்லி அனுப்புவது அண்ணாச்சியின் வேலை. ஆனால் மறுநாள் காலையில் அவரிடமிருந்து எனக்கு ஒரு மெயில், முதலாளிக்கும் நகல்: ‘நேற்றுப் பேசியபடி லாரியை நீங்கள் அனுப்பியிருப்பீர்கள் என நம்புகிறேன்.’ தப்பு யாருடையதோ அவர் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஒருவேளை நான்தான் மறந்துவிட்டேனோ? என் மேலேயே சந்தேகம் வந்தது. யோசித்துப் பார்த்தால், நேற்று அவர் என்னிடம் பேசியது ஏசியைக் குறைக்கச் சொன்னது மட்டும்தான். நேரே போய்க் கேட்டேன்.

“ஏளா, இதுக்கா மூஞ்சியத் தூக்கிட்டு வார? மெயிலுன்னா அப்படித்தான் ஆரம்பிக்கும். பிள்ளையார் சுழி மாதிரில்லா!”

“சுழி போட்டா பரவால்ல அண்ணாச்சி. எனக்குல்லா குழி வெட்டியிருக்கீய?”

சிரித்தார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். வெள்ளந்தியாகத்தான் எழுதிவிட்டாரோ என்று எனக்குப் பாதி மனசு. மீதி மனசு நம்பவில்லை.

இடத்துக்கு வந்து, எனக்கு நகல் வந்த அவருடைய பழைய மெயில்களைத் தோண்டினேன். லாரிக்காரர், வங்கி, கப்பல் ஏஜென்ட், எல்லாருக்கும் பேசியபடி. முதலாளிக்கு எழுதியவற்றில் மட்டும் ஒன்றில்கூட அது இல்லை. அங்கே, ‘தங்களிடம் இன்னும் பேசவில்லை, பேசிவிட்டுச் செய்கிறேன்.’ அட பாவி மனுஷா! அந்த வார்த்தையை எங்கே போடக்கூடாது என்று இவருக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டே வரி எழுதினேன். நாம் எதுவும் பேசவில்லை. லாரி உங்கள் பொறுப்பு. முதலாளிக்கும் சேர்த்தே அனுப்பினேன்.

சற்று நேரத்தில் அண்ணாச்சி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். குரல் இறங்கியிருந்தது.

“ஏளா, முதலாளி கூப்பிடுததுக்கு முன்ன நாம ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிடுவோமா?”

“மெயில்ல போடுங்க அண்ணாச்சி” என்றேன்.