மூணுக்கு விழுந்த சிவப்புக் கோடு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஏழாம் வகுப்பில் டீச்சர், வீட்டு மொழியில் ஒன்று முதல் பத்து வரை கேட்டு எழுதி வரச் சொன்னபோது, என்னைவிட அப்பாதான் குதித்தார். தெலுங்கு ஊரான மல்லாபூரில் பெயின்ட் கம்பெனியில் டிரம் உருட்டுபவர் அவர். பள்ளிக்கூடம் அதுவரை அவரிடம் கேட்டது கையெழுத்து ஒன்றைத்தான். அதுவும் அவரிடம் இல்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "நிதானமா எழுதும்மா" என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் டீச்சர் பலகையில் கட்டம் போட்டார். சமஸ்கிருதத்தில் த்ரி, ஹிந்தியில் தீன், ஆங்கிலத்தில் த்ரீ. இவற்றை அடுக்கிப் பார்த்தால், எழுத்தே இல்லாத காலத்தில் இவற்றுக்கெல்லாம் தாயாக இருந்த ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியின் சொல்லை ஊகிக்கலாம் என்றார். எனக்குச் சிலிர்த்தது. தெலுங்குப் பிள்ளைகள் விவரமானவர்கள். மார்க்குக்காக ஹிந்தியையே எழுதி வந்திருந்தார்கள். என் மூணுக்குச் சொந்தமான, தெலுங்கில் மூன்றைக் குறிக்கும் 'மூடு' ஒரு தாளிலும் இல்லை.

"இது எதோடயும் சேரலையே. நக்கோ, வேணாம்" என்று டீச்சர் என் பத்தையும் சிவப்பு மையில் அடித்தார். "வீட்ல சரியா கேட்டுட்டு வா."

இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சொல் சேரவில்லை என்றால் அது வேறு மொழிக்குடும்பத்துச் சொல் என்று அர்த்தம். ஆதிச்சொல்லைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தை எனக்காகச் செலவழிக்க அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை.

நான் அதைவிட மோசம். தாளை அப்பா மடியில் வீசினேன். "எல்லாம் தப்பு! தெரியலன்னா கைக்கு சொன்னே, ஏன் சொன்னே?"

அப்பா சிவப்புக் கோட்டை விரலால் தடவினார். "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, அடுத்த தெருவில் மத்திய அரசு ஆபீசில் வேலை பார்க்கும் தமிழ்க்காரர் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"சார், ரெண்டுக்கு அப்புறம் சரியா என்னா சார் சொல்லணும்?"

அவர் சிரித்துவிட்டார். "என்னப்பா, சாயங்காலமே தண்ணி போட்டுட்டியா?"

குடித்தறியாத அப்பா தாளை நீட்டியபடி நின்றார். இப்படி ஒரு அப்பா வாய்த்தாரே என்று அவர் முதுகுக்குப் பின்னால் நான் கூசிக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பேசிய மொழியை, என் பேச்சை நம்பி அவர் சந்தேகப்பட்டு நிற்கிறார் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.