சூரையின் கறுப்புச் சதை

ஐஸ் வாங்கிக்கொண்டு சுனாமிக் குடியிருப்பிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, அம்மா சூரை மீனை அரிந்து முடித்திருந்தாள். சட்டியில் வெளிறிய துண்டங்களை மட்டும் அழகாக அடுக்கியிருந்தாள்.

"கறுப்புச் சதை எங்கம்மா?"

"அத யாரு திம்பா? ஒடம்பெல்லாம் அரிக்கும். ஒங்க சாருகிட்ட போற மீனாச்சேன்னு வெட்டிப் போட்டுட்டேன்."

பாண்டிச்சேரியில் சாரிடம் நான் செய்யும் ஆராய்ச்சிக்கு என்று சொல்லித்தான் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் மதிப்பான இடத்துக்குச் சூரை போகிறதென்றால், நடு எலும்பை ஒட்டி ஓடும் கறுப்பை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அப்படியே அனுப்புவது கேவலம்.

எனக்கு வேண்டியதோ இரண்டும். சூரை நாள் முழுக்க நிதானமாக நீந்துவது கறுப்புச் சதையால். திடீரென்று பாய்வது வெளிறிய சதையால். இரண்டிலும் இழுக்கும் வேலையைச் செய்வது மயோசின் என்ற புரதம். அதன் தலை எதிரிலுள்ள இழையைப் பிடிக்கும், இழுக்கும், விடும். வலைக் கயிறு இழுக்கிறவர்களைப் போலத்தான்: பிடியைச் சீக்கிரம் விடுகிற கைதான் அடுத்த பிடிக்குச் சீக்கிரம் போகும். எப்போது விடுவது என்பதைத் தலையிலுள்ள ஒரு சின்ன வளைவின் அமைப்பு தீர்மானிக்கிறது என்பது என் வாதம். முதலில் இரண்டு சதையிலும் இந்த வேகம் வேறுபடுவதைக் காட்டினால்தான் வளைவைப் பற்றிப் பேசவே முடியும். ஏற்கெனவே இரண்டு முறை சொதப்பியிருந்தேன். இந்த முறையும் சரிவராவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக சார் கறாராகச் சொல்லியிருந்தார்.

"தலபாடா அடிச்சுக்கிட்டேனே, ஒனக்கு ஏறவே இல்லியா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். கறுப்புச் சதை வெயிலில் கிடந்தது. காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. வேறு மீனுக்கும் வழியில்லை. அண்ணன் படகில் வந்ததெல்லாம் லாரி ஏறிவிட்டது. மிஞ்சியதைக் கழுவி ஐஸில் புதைத்தேன்.

பாண்டிச்சேரி பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். சூடுபட்டால் மயோசின் கெட்டுவிடும். மூடியைத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்ததில் பக்கத்து சீட்டுக்காரம்மா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டுகளில் மயோசினைப் பூசி, அது பிடித்திழுக்கும் இழைகளுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி அதன்மேல் விட்டோம். வெளிறிய சதையின் மயோசின்மேல் இழைகள் விறுவிறுவென்று ஓடின. சார் மைக்ராஸ்கோப்பில் அடுத்து கறுப்புச் சதையின் கண்ணாடியை வைத்தார். இழைகள் நகர்ந்தன. ஆனால் மெல்ல, மிக மெல்ல.

"பிரமாதம்! நீ சொன்ன மாதிரியே இருக்கே," என்று சார் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மந்தம் அதன் இயல்பா, வெயில் செய்த வேலையா? கண்ணாடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வெயிலில் கிடந்த கதை அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் தலைப்பு என்னுடையது. ஆசையாகத்தான் இருந்தது. ரொம்ப ஆசையாக.

"சார், அந்தக் கறுப்புச் சதை கொஞ்ச நேரம் வெயில்ல கெடந்துடுச்சு."

சார் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார்.

தலைப்பு கைமாறியது. வாங்கிக்கொண்டவர் அடுத்த வருடம் நல்ல மீனில் அதைச் செய்துகாட்டினார். நான் போய்ப் பார்த்தேன். கறுப்புச் சதையில் அன்று பார்த்த அதே மந்த வேகம்தான்.