அரிசியோடு நின்ற கட்டுரை

ஜூலை மாதத்து மும்பையில் தாள் ஒருபோதும் முழுதாக உலர்வதில்லை. அதன்மேல் அளவுகோலை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தால், கருமை படிவதற்கு முன்பே மெல்லிய பள்ளம் ஒன்று விழும். கண் காண்பதற்குள் விரல் நுனி அதை அறிந்துகொள்ளும். என் எட்டாம் வகுப்பின் மழைக்காலத்தை நினைக்கும்போது முதலில் வருவது அந்தப் பள்ளம்தான். நான்கு கோடுகள், அவற்றுக்குள் முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் அடங்கும் சிறு தலைப்புகள். பாடநூல் அதைக் குறிப்புச் சட்டகம் என்றது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்த நாங்கள் அதைப் "பெட்டி" என்றோம்.

எங்கள் தமிழ் டீச்சர், பெட்டி இல்லாத கட்டுரையை வாசிக்காமலே திருப்பிக் கொடுப்பவர். "பெட்டியப் போடு, அப்புறம் பேனாவைத் திற" என்பது அவருடைய அன்றாட வாக்கு. தேர்வில் வரக்கூடிய தலைப்புகள் எல்லாவற்றுக்கும் அவரே பெட்டிகளைத் தயாரித்து எங்களை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். உள்ளே நிரப்ப வேண்டிய செய்திகளைப் பற்றி அவரும் அதிகம் கவலைப்படவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் பெட்டி வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. ஒரு வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியாமல் அதன் முதற் சொல்லை எழுத என்னால் முடியாது. ஆகவே தலைப்புகளை எழுதி, அழித்து, மூன்றாவதை இரண்டாவதாக்கி, மறுபடி அழித்து, ஈரத் தாளில் ஓட்டை விழும்வரை அடுக்கிக்கொண்டே இருப்பேன்.

நான் படித்த பள்ளியில் தமிழ் வழி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் போக எங்களுக்கு இருந்த ஒரே வழி, மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தார் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நடத்திய கட்டுரைத் தேர்வு. அதில் தேர்வானவர்களுக்கு அந்த ஆண்டு முழுதும் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு, அடுத்த ஜூனில் செம்பூரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் இடம், கட்டணமும் அவர்களுடையது. தேர்வாகாவிட்டால் நான் அம்மாவோடு உட்கார்ந்து "தாகா கட்டிங்" செய்ய வேண்டியதுதான். தைத்து வந்த சட்டைகளில் தொங்கும் நூல்முனைகளை நறுக்கும் வேலை அது. என்னோடு தேர்வு எழுதவிருந்த அடுத்த சந்து ஜெனிபரைத் தூத்துக்குடியில் அவளுடைய அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அவள் வீட்டில் பேச்சு.

இவற்றோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. பை தைக்கும் கார்கானாவில் வேலை செய்த என் அப்பாவும் அவளுடைய அப்பாவும் ஒருநாள் குழாயடியில் நின்று பேசி, அதைத் தீர்மானித்துவிட்டு வந்தார்கள். "ஒத்தப் பொம்பளப்புள்ளய செம்பூர் வரைக்கும் பஸ் ஏத்தி விட முடியாது. ரெண்டு பேரும் பாஸானா ரெண்டு பேரும் போங்க. ஒருத்தி போயி ஒருத்தி நின்னா, ரெண்டு பேரும் வீட்டுல இருங்க" என்றார் அப்பா. அதில் அநியாயம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும்தான்.

அன்றிலிருந்து என் பயம் இரட்டிப்பானது, ஏனென்றால் ஜெனிபர் பெட்டி போடாதவள். அவளுக்குக் கட்டுரை என்பது வாயால் பேசுவதைப் பேனாவால் பேசுவது, அவ்வளவுதான். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அளவுகோலைக் கையில் கொடுத்துப் பார்த்தேன்.

"முடிவுரைக்கு என்ன வச்சிருக்க?" என்று கேட்பேன்.

"பெல் அடிக்கிற எடத்துல முடிச்சிரணும்."

"அது முடிவா?"

"அவங்கதான பேப்பர புடுங்கப் போறாங்க? அப்ப அவங்கதான் முடிக்கிறாங்க. சலேகா ட்டி, அதெல்லாம் ஓடிரும், டென்ஷன் ஆவாத."

அவளால் நான் நின்றுவிடுவேன் என்று நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் பிற்பகல், காலையிலிருந்து விடாத மழையும் கடலின் ஏற்றமும் சேர்ந்து எங்கள் சந்துக்குள் தண்ணீர் வந்தது. அப்பா கார்கானாவில் இருந்தார். வாசலில் கோணியை மடித்துப் போட்டு அதன்மேல் பலகையை நிறுத்திவிட்டு, அம்மா சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க, நான் ஏணியில் நின்று அவற்றை "மாலா"வில், அதாவது கூரைக்குக் கீழே பலகை அடித்திருந்த பரணில், வாங்கி வைத்தேன். அம்மாவின் வரிசை முன்பே முடிவானது. முதலில் நூல் நறுக்க வந்திருந்த சட்டை மூட்டை: "அடுத்தவன் சாமான் மொதல்ல." பிறகு ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றுகளும் இருந்த பிளாஸ்டிக் பை. பிறகு அரிசி. அப்புறம்தான் என் புத்தகங்கள். நான் ஏணியில் நின்றபடி, மூட்டையை இடப்பக்கம் வைத்தால் டிவிக்கு இடம் போதுமா, பையை மூட்டைக்கு மேலே வைப்பதா பின்னால் வைப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யோசிட்டி, நல்லா யோசி" என்றாள் அம்மா, தலைக்குமேல் அரிசி டின்னைத் தூக்கிப் பிடித்தபடி. "நீ யோசிச்சு முடிக்கிற வரைக்கும் தண்ணி வாசல்ல செருப்பக் கழத்திப் போட்டுட்டு நிக்கும்."

டிவியைத் தூக்கக் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரை அழைக்க வேண்டியிருந்தது. மாலையில் தண்ணீர் வடிந்தபோது சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒரு சேற்றுக்கோடு நின்றது.

மறுநாள் சங்கத்தின் கூடத்தில், கரும்பலகையில் தலைப்பை எழுதினார்கள்: மழைக்காலம். கூடம் முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டது. எங்கள் எல்லாரிடமும் அதற்கான பெட்டி தயாராக இருந்தது. முன்னுரை, கார்மேகம், உழவர் மகிழ்ச்சி, ஏரி குளங்கள் நிறைதல், மழையின் நன்மைகள், மழையின் தீமைகள், முடிவுரை. அதை ஒரு கோடும் பிசகாமல் போட்டேன். முன்னுரையையும் கார்மேகத்தையும் எழுதினேன். உழவர் மகிழ்ச்சியில் பேனா நின்றது. உழவர் ஒருவரை நான் அருகில் கண்டதில்லை. அவர் மகிழும்போது என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. முந்தைய ஆண்டுகளில் இந்த அறியாமை என்னை ஒருபோதும் தடுத்ததில்லை. அன்று, வழியில் தேங்கிய தண்ணீரில் மறுபடி ஊறிச் சுருங்கிய என் கால்விரல்கள் மேசைக்குக் கீழே இன்னும் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கும்போது, ஏரி குளங்கள் நிறைந்து மக்கள் மகிழ்ந்தார்கள் என்று எழுதக் கை வரவில்லை.

பெட்டியின் குறுக்கே கோடு போட்டேன். வேறு தாள் கேட்டு வாங்கினேன். அப்போதும் நேரே எழுதத் தொடங்கவில்லை; அளவுகோலை எடுத்து இரண்டாவது பெட்டி போட்டேன். கோணி, பிறர் துணி, சான்றுப் பை, அரிசி, புத்தகம், டிவி, நாங்கள். கடைசித் தலைப்பை எழுதியதும் மனம் அமைதியடைந்தது. கீழிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறி, இறுதியில் மனிதர்களும் ஏறிவிட்டால் வரிசை தானாகவே மூடிக்கொள்ளும் அல்லவா? டிவியையும் புத்தகத்தையும் இடம் மாற்றலாமா என்று வேறு சிறிது நேரம் யோசித்தேன். எனக்கு முன் வரிசையில் ஜெனிபர் கையைத் தூக்கிக் கூடுதல் தாள் வாங்குவதும், அவளுடைய முழங்கை ஓயாமல் அசைவதும் தெரிந்தன. ஒவ்வொரு பத்தியையும் நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டு நான் அரிசிக்கு வந்தபோது மணி அடித்தது.

வெளியே குடையை விரித்தபடி நின்றாள் ஜெனிபர். "எத்தன பக்கம்ட்டி?"

"முடிக்கல."

"பெட்டி?"

"பெட்டி முடிஞ்சிட்டு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். தொடங்கிய சிரிப்பு பாதியில் நின்றதைப் பார்த்தேன். அவளுக்கும் எனக்கும் அந்த நிபந்தனை ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது.

தேர்வானவர்களின் பெயர்களைச் சங்கத்துப் பலகையில் ஒட்டியபோது ஜெனிபரின் பெயர் இருந்தது. என் பெயர் அதே தாளின் அடியில் தனியாக, "பெற்றோருடன் நேரில் வரவும்" என்ற குறிப்போடு இருந்தது. அன்று மாலை ஜெனிபரின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அக்கா, ஒங்க புள்ள நல்லா எழுதுற புள்ள, அவ கூடப் போனா எம்புள்ளயும் பொழச்சுக்கும்னுதான் நாங்க சரின்னோம்" என்றார். "எம்புள்ளயால ஒங்க புள்ள நின்னுருமோன்னுதான் நான் பயந்தேன் பாத்துக்கோங்க."

அம்மா நூல் நறுக்குவதை நிறுத்தவில்லை. நான் மாலாவின் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசவாக இருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவர் தம் பயத்தை இவ்வளவு மரியாதையாக எடுத்து நம்முன் வைத்துவிட்டுப் போகும்போது அதை என்ன செய்வது என்று அந்த வயதில் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

சங்கத்துக்கு அம்மாவோடு போனபோது, யாரும் கூப்பிடாமலே ஜெனிபரும் வந்தாள். மாடி அறையில், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த, கட்டுரைகளைத் திருத்திய அம்மையார் ஒருவர் என் தாளை முன்னால் விரித்து வைத்திருந்தார்.

"கட்டம் ரொம்ப அழகாப் போட்டிருக்கே. கட்டுரை அரிசியோட நின்னுடுத்து. மீதி எங்கேம்மா?"

அறிமுகமில்லாதவர்முன் பேசுவது எப்போதும் எனக்கு எழுதுவதைவிடக் கடினம். கதவருகே நின்ற ஜெனிபர்தான் பேசினாள்.

"அவளுக்கு எல்லாம் தெரியும் மேடம். ஸ்டார்ட் ஆகத்தான் லேட் ஆகும்."

"நீ யாரு?"

"லிஸ்ட்ல இருக்கேன் மேடம். ஆனா இவ வந்தாத்தான் எனக்கு உண்டு."

அது என்ன கணக்கு என்று அவர் கேட்க, அம்மா நிபந்தனையை விளக்கினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாவையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். "சரி, இதைப் பார்த்துண்டே சொல்லு."

பெட்டியின் மேல் விரலை வைத்தேன். கோட்டின் பள்ளம் அங்கேயே இருந்தது. அரிசியைப் புத்தகத்துக்கு முன் ஏற்றுவது ஏன் என்று சொன்னேன்: புத்தகம் நனைந்தால் காயவைத்து வாசிக்கலாம், அரிசி நனைந்தால் அன்றைக்கே பொங்கித் தீர்க்க வேண்டும். டிவிக்கு இரண்டு பேர் வேண்டும், ஆகையால் அது பின்னால். குரல் சிறிது சிறிதாக நிலைத்தது. கடைசித் தலைப்புக்கு வந்தேன்.

"நாங்கள்" என்று அவரே வாசித்தார். "அப்புறம் நீங்களும் மேலே ஏறி உக்காந்துண்டேளா?"

நான் தலையசைப்பதற்குள் அம்மா சொன்னாள்: "இல்லம்மா. சாமான் ஏறுன பொறவு அதுல ஏது எடம்? ஏறுனாலும் பலக தாங்காது. நாங்க தண்ணியிலதான் நின்னோம்."

"பின்னே இதை ஏன் எழுதினே?" என்று அவர் என்னைக் கேட்டார். குரலில் கடுமை இல்லை, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார்.

"வரிசை முடியணும்ல, மேடம்" என்றேன்.

அவர் 'நாங்கள்' என்ற அந்த ஒரு சொல்லைச் சுற்றி மட்டும் பேனாவால் மெல்ல வட்டமிட்டார். வட்டத்தைப் பார்த்தபடியே, "ரெண்டு பேரையும் சனிக்கிழமை அனுப்புங்கோ" என்றார் அம்மாவிடம்.

படியிறங்கும்போது ஜெனிபர் என் கையை நசுக்கியபடி சொன்னாள்: "அடுத்த தடவ கடைசிய மொதல்ல எழுதிருட்டி. பயந்து செத்துட்டேன்."

இப்போது நான் இலக்கிய முதுகலை மாணவி. அடுக்குமாடி கட்டுவதற்காக எங்கள் சந்தை இடித்த இடத்தைத் தகரத் தடுப்பு சூழ்ந்து நிற்கிறது. நாங்கள் கோவண்டியில், தண்ணீர் ஏற முடியாத மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் பழைய பள்ளியில் இப்போது தமிழ்ப் பிரிவு இல்லை. ஆகவே ஈரத் தாளில் அளவுகோலை வைத்துப் பெட்டி போடும் பிள்ளைகளும் இல்லை. என் வகுப்புத் தோழர்கள் கட்டுரையின் தலைப்புகளைக் கைபேசியில் விரலால் மேலும் கீழும் நகர்த்துகிறார்கள்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் ஜெனிபரும் நானும் ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில் செம்பூர் போய் வந்தோம். பிறகு அவள் வணிகம், நான் கலை. கல்லூரியும் நேரமும் வேறாயின. அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டதாக எங்கள் அப்பாக்கள் அறிவிக்கவே இல்லை. ஒருநாள் நான் தனியாக பஸ் ஏறியிருக்கிறேன், யாரும் தடுக்கவில்லை. அது எந்த நாள் என்பதுகூட நினைவில்லை. ஜெனிபர் ஐரோலியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கம்பெனி வண்டி அவளை வாசலிலிருந்து அழைத்துப் போகிறது.

இந்த வாரம் என் ஆய்வேட்டின் இயல் பகுப்பைக் கொடுக்க வேண்டும். தலைப்புகளை எழுதி, அழித்து, இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். நான் முடிக்காவிட்டால் எந்தத் தாயும் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை, எந்தப் பட்டியலிலும் எந்தப் பெயரும் என் பெயருக்காகக் காத்திருக்கவில்லை. இழப்பு முழுவதும் எனக்கே. அதை விடுதலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவைத் திறக்கிறேன். ஆனால், பக்கத்து இருக்கையில் ஜெனிபர் இல்லாமல் எதற்காக விரைவது என்று கை கேட்கிறது.