வலமாகச் சுற்றிய படகு

கதிர்வேல் முதன்முதலில் பார்த்தபோது ஈஸ்வரமூர்த்தி ஆளில்லாத படகிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறு சங்கரு, ஆள் கெடைச்சுரும்" என்றவர், காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிச் சிரித்தார்.

சிறுமுகையைத் தாண்டி, பவானி ஆறு அணைத் தண்ணீரோடு கலந்து அகலும் இடத்தில் ஒரு சின்னப் பாய்ப்படகு கிளப் இருக்கிறது. இருவர் மட்டும் உட்காரும் டிங்கி என்னும் சிறு படகுகளை விட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடத்துவார்கள். துடியலூர் பம்பு கம்பெனியில் கதிர்வேலின் மேலதிகாரியான ஜெரால்டுதான் கிளப் செயலாளர். ஆடிக் காற்றைப் பார்க்கலாம் வா என்று அன்று அவனை அழைத்து வந்திருந்தார். சோமனூர்ப் பக்கத்துத் தறிக்காரரின் மகன் கதிர்வேல். அவன் வீட்டில் முதல் பட்டம் அவனுடையது.

"ஏனுங்க கண்ணு, நீச்சல் தெரியுமுங்களா?" என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி.

"கெணத்துல பழகுனதுங்க."

"பேய் பிசாசுன்னா பயமுங்களா?"

"நான் பி.இ. முடிச்சவனுங்ணா."

"அதுனாலதான் கேக்கறேன். என்ற படகுல ஒக்கார இங்க ஒருத்தனும் வரமாட்டேங்கறான். ரெண்டு ஆள் இல்லாம பந்தயத்துல உடமாட்டாங்க."

எதையும் மறைக்காமல் சொன்னார். மேட்டுப்பாளையத்தில் அவருக்குப் பாக்கு மண்டி. படகு அவரும் தம்பி கிருபாசங்கரும் சேர்ந்து வாங்கியது. பந்தயப் படகுகள் சுற்றித் திரும்புவதற்கு ஆற்றின் நடுவில் ஓர் ஆரஞ்சு மிதவை. அதற்கு நேர் கீழே, அணைத் தண்ணீரில் மூழ்கிப்போன பழைய கோயில். கிளப் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஒரு மிதவையை மட்டும் வலமாகச் சுற்றுவதுதான் வழக்கம். சாமியை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? இடமாகச் சுற்றுவது இழவு வீட்டில்தான். வெளியூர்ப் படகுகள் வரத் தொடங்கியதும், எல்லா மிதவையையும் ஒரே மாதிரி இடமாகவே சுற்ற வேண்டும் என்று விதி மாறியது. விதி மாறிய முதல் பந்தயத்திலேயே, அந்த மிதவையில் திரும்பும்போது, கிருபாசங்கர் தண்ணீருக்குள் போனான். லைஃப் ஜாக்கெட் மட்டும் மிதந்து வந்தது. அதன் வார்கள் எல்லாம் மாட்டியபடியே இருந்தன. ஆளைக் காணவில்லை.

காணாமல் போனவனுக்குக் கருமாதி செய்ய ஈஸ்வரமூர்த்தி ஒப்பவில்லை. தம்பி மனைவி பிரத்யுஷா பொட்டோடும் பூவோடும்தான் இருக்கிறாள். ஆனால் சொந்தத்தில் ஒரு சீருக்கும் அவளை அழைப்பதில்லை. துக்கம் கேட்கவும் யாரும் வருவதில்லை.

"அவன் இன்னும் அங்கதான் நிக்கறான் கண்ணு. பந்தயத்துல தப்பாச் சுத்துனதைப் பந்தயத்துலதான் அவுக்கோணும். வலமாச் சுத்துனா என்னைப் பந்தயத்துல இருந்து தள்ளிருவாங்க. தள்ளட்டும். பிரத்யுஷாப் புள்ளைக்கு ஒரு வழி பொறக்கோணும்."

பாவம், மனசு உடைந்துபோன மனுஷன் என்றுதான் கதிர்வேல் நினைத்தான். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறினான்.

"எடது பக்கம் ஒக்காராதீங்க" என்றார் அவர். "அது அவன் எடம்."

பந்தயம் கிளம்பியது. சுக்கானும் பெரிய பாயும் அவர் கையில். முன்பாயின் கயிறு கதிர்வேலின் கையில். காற்று முதுகில் அறைந்தது. படகு சாய்ந்து கவிழும் என்று அவன் பயந்த இடங்களில் எல்லாம், யாரோ மறுபக்கம் உட்கார்ந்து அழுத்தியதுபோல் நிமிர்ந்துகொண்டது. மிதவைக்கு வரும்போது அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகுதான்.

ஈஸ்வரமூர்த்தி சுக்கானை மறுபுறம் தள்ளினார். பின்னால் வந்த படகுகள் பதறி விலகின.

"ஏனுங்க மாமா, கண்ணு தெரியலீங்களா? எதுத்தாப்புல வர்றீங்க!" என்று ஒருவன் கத்தினான்.

மிதவை வலப்பக்கம் வந்ததும் காற்று நின்றது. கைக்கெட்டும் தூரத்தில் மற்ற படகுகளின் பாய்கள் புடைத்து ஓடிக்கொண்டிருந்தன. இவர்களுடைய பாய் மட்டும் ஈரத்துணிபோல் தொங்கியது. ஆனால் படகு நிற்கவில்லை. மிதவையைச் சுற்றி மெல்ல வலமாக நகர்ந்தது. தண்ணீரிலிருந்து கற்பூர வாசம் வந்தது.

அப்போது படகின் இடது விளிம்பு தாழ்ந்தது. பரிசலில் ஆள் தொற்றி ஏறும்போது அமுங்குமே, அப்படி. கதிர்வேல் பிடித்திருந்த கயிறு விறைத்தது. பாயில் காற்று இல்லை. கயிற்றை இழுப்பது எது? ஆளில்லாத இடது பக்கத்திலிருந்து அது இழுபட்டது. எடை, விசை என்று படித்ததை எல்லாம் அவன் மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்தான். எதுவும் பொருந்தவில்லை.

"அண்ணா... கயிறு..."

"உட்டறாதீங்க கண்ணு. கெட்டியாப் புடிங்க."

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. தண்ணீர் உள்ளே வழியத் தொடங்கியது. ஈஸ்வரமூர்த்தி சுக்கானை விட்டுவிட்டு அந்தப் பக்கம் குனிந்தார்.

"சங்கரு, போதும் சாமி. ஊட்டுக்கு வர்றதுன்னா வா. இல்லீன்னா போயிரு. நடுவுல நின்னுட்டு அந்தப் புள்ளைய வதைக்காத. நீ போனாலும் நாங்க பாத்துக்கறோம்."

கயிறு கதிர்வேலின் கையைச் சுட்டுக்கொண்டு உருவி ஓடியது. விளிம்பு சட்டென மேலெழுந்தது. அடுத்த கணம் காற்று வந்து பாயை அறைந்ததில் இருவரும் வலது பக்கம் சரிந்தார்கள். அதற்கப்புறம் கரை வரைக்கும் படகு வெறும் இரண்டு பேரைத்தான் சுமந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் கவிழப் பார்த்தது.

கரையில், "மாமா, கோயில் சுத்துன சுண்டல் எங்கீங்க?" என்று ஒருவன் கேலி பேசினான். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஜெரால்டு தயங்கித் தயங்கி வந்தார்.

"உங்க படகைப் பந்தயத்துல இருந்து தள்ளிட்டோமுங்க."

"செரிங்க."

ஈஸ்வரமூர்த்தி மணலில் உட்கார்ந்து போனை எடுத்தார். "அம்மணி, பிரத்யுஷா" என்று தொடங்கினார். அவர் முடிக்கும் முன்பே மறுமுனையில் அவள், "தெரியுமுங்க மாமா, அவரு போயிட்டாருங்க" என்று சொன்னது கதிர்வேலுக்கும் கேட்டது.

ஆவணி பிறந்ததும் கிருபாசங்கருக்குக் கருமாதி நடந்தது. ஈஸ்வரமூர்த்தி இப்போது மேட்டுப்பாளையத்தில் மண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதி வியாபாரம் பிரத்யுஷாவின் பொறுப்பில். படகை விற்றுவிட்டார். ஆற்றுப் பக்கம் போவதில்லை.