வெள்ளைக் கினிபிக்குக்கு ஒரு பனியன்

வெள்ளை ஒன்றும் பழுப்பு ஒன்றுமாக எங்களிடம் கூண்டில் இருந்த கினிபிக்குகள் இரண்டில் வெள்ளைக்கு இடுப்பில் முடி கொட்டியது. அதை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார் கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா. அந்த ஆண்டுகளில் திருப்பூரில் வேலை சுலபமாகக் கிடைத்தது. வாடகை வீடுதான் கிடைக்காது.

"பெருச்சாளிக்குப் படை வந்திருக்குதுங்க. அது வந்த பொறகுதான் எனக்கும் கொட்டுது, பாருங்க" என்று குனிந்து வகிட்டைக் காட்டினார். அகலமான வகிடுதான். ஆனால் அவர் அந்தப் பிராணிகளைத் தொட்டதே இல்லை. அதைச் சொன்னேன்.

"காத்துல வராதுங்களா?" என்றார்.

கினிபிக்குகள் என் மனைவியுடையவை. பனியன் கம்பெனியில் அவளோடு செக்கிங்கில், தைத்த துணியில் ஓட்டை கிழிசல் பார்க்கும் வேலையில், இருந்த பெண் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனவை. "வீட்ட வேணா மாத்துங்க. இதுகள விட்டுட்டு நா வரமாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டாள். அவள் திருநெல்வேலிப் பக்கம், சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளையைப் பழக்கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஓர் எருமை. டாக்டர் அதை முடித்துவிட்டுக் கூடைக்குள் பார்த்து, கையுறையைக் கழற்றிவிட்டார். தோலை விரலால் விரித்துப் பார்த்தார்.

"சொறியுதுங்களா?"

"இல்ல சார்."

"செதில் இல்ல, புண் இல்ல, பூச்சி இல்ல. தோல் சுத்தமா இருக்குதுங்க. எண்ணெய் கிண்ணெய் போட்டீங்களா?"

மனைவி வெள்ளையின் இடுப்பை விரலால் மெல்லத் துடைத்தாள். போட்டிருந்தாள்.

"போடாதீங்க. குளிப்பாட்டவும் வேண்டாம். கீழ விரிக்கறத ஈரமில்லாம மாத்துங்க, கொத்தமல்லி குடுங்க."

இதை அப்படியே வீட்டுக்காரம்மாவிடம் ஒப்பித்தேன். "மாட்டு டாக்டருக்கு மயிரப் பத்தி என்னங்க தெரியும்? ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன்" என்றார்.

அன்று மாலை மனைவி கம்பெனியில் கழித்துப்போட்ட முழுக்கைச் சட்டையொன்றைக் கொண்டுவந்தாள். மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கும் ரிப் பட்டியை வெட்டி எடுத்து, முன்கால்களுக்கு இரண்டு துளை போட்டு, வெள்ளைக்கு மாட்டிவிட்டாள். அளவு கச்சிதம். வழுக்கை முழுவதும் மறைந்தது. நீல நிறப் பனியனோடு அது ஏற்றுமதிக்குத் தயாரானது போல உட்கார்ந்திருந்தது.

கொடியில் துணி போட வந்த வீட்டுக்காரம்மா கூண்டுக்கு முன் நின்றார்.

"ஏன் கண்ணு, இதுக்குக் குளுருதா?"

"ஆமாக்கா."

சித்திரை மாதம். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

ஞாயிறு காலையில் பனியனில் ஓட்டை இருந்தது. சரியாக வழுக்கைக்கு மேலே. மனைவி அதைக் கழற்றி, கம்பெனியில் பார்ப்பது போல ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். "இது நைஞ்சு கிழிஞ்சதில்ல. வெளியேருந்து கடிச்சிருக்கு" என்றாள். வெள்ளையால் தன் இடுப்பை அந்த இடத்தில் எட்டிக் கடிக்க முடியாது. பனியனை மறுபடி மாட்டிவிட்டு இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

பழுப்பு வந்தது. அவசரமே இல்லை. வெள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டை வழியாக மூக்கை நுழைத்து, மிச்சமிருந்த முடியை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றது. வெள்ளையோ சலூன் நாற்காலியில் சாய்ந்தவரைப் போலக் கண்ணைப் பாதி மூடியிருந்தது.

மனைவி கீழே ஓடிப்போய் வீட்டுக்காரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவர் பார்த்தார். பழுப்பும் நிறுத்தவில்லை.

"அடக் கெரகமே! திங்குதே!"

"அதான்க்கா. படையுமில்ல, ஒண்ணுமில்ல."

"செரி, இருக்கட்டும். ரெண்டையும் தனித்தனியா வெய்யி" என்றார். வீடு தப்பியது. நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் கீழே இறங்கவில்லை. முகம் வாடியிருந்தது. தன் முடிக்காக எண்ணெய், சீயக்காய், லாரித் தண்ணீர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதுவும் போய்விட்டது.

"அப்ப எனக்கு ஏன் கண்ணு கொட்டுது?"

மனைவி ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். வீட்டுக்காரம்மா உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். வெளிச்சத்துக்கு நேராக வகிட்டைப் பிரித்துக்கொண்டே மனைவி என்னைப் பார்த்தாள்.

"நீங்க செத்த வெளிய போங்க."