இடைவேளையில் கிளம்புகிறவர்கள்

அரங்கத்தில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புவதை அவளே விட்டு நாளாகிவிட்டது. ஆன்லைனில் முனைவர் படிப்புக்குப் பதிந்த வாரம் விளக்குப் போடுகிறவர் கேலியாக ஆரம்பித்து வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கேன்டீன்காரர் ஒருபடி மேலே போய் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார். "நான் அந்த டாக்டர் இல்லண்ணே" என்று முதல் வருஷம் சிரித்தாள். இப்போதெல்லாம் "வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறாள்.

அவள் படிப்பது கலை நிர்வாகம். அப்படி ஒரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. பாடுகிறவர் பாடிவிட்டுப் போவார், நடிக்கிறவர் நடித்துவிட்டுப் போவார். அதற்கு ஒரு கூடம் வேண்டும், நாற்காலி வேண்டும், டிக்கெட் வேண்டும். நிற்காமல் ஒழுகும் குழாயோடும் ஓடாத ஏ.சி.யோடும் யாராவது மாரடிக்க வேண்டும். அந்த மாரடிப்புக்குத்தான் இவ்வளவு பெரிய பெயர்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள் படிப்படியாக நிகழ்ச்சி அலுவலர் வரை வந்தாள். இயக்குநர் நாற்காலி காலியானபோது அடுத்தது தான்தான் என்று நினைத்தாள். அவள் மட்டுமல்ல, எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். முனைவர் பட்டம் இருந்த ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வந்தவர் கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அவர் நல்ல மனுஷர், அதுதான் இன்னும் எரிச்சல். அந்த எரிச்சலில் ஒரே மூச்சில் விண்ணப்பம் போட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில் மறுபடி மாணவி ஆனாள். கோபம் இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிட்டது. படிப்புதான் தீரவில்லை.

பல்கலைக்கழகம் வேறொரு கண்டத்தில் இருந்தது. அங்கே மாலை என்றால் இங்கே விடியற்காலை. பால்காரர் மணி அடிப்பதற்கு முன்பே முகம் கழுவி, தலை வாரி, மேலே மட்டும் நல்ல குர்தாவும் கீழே பழைய பாவாடையுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வழிகாட்டி இரண்டு முறை மாறியாகிவிட்டது. முதலாமவர் ஓய்வு பெற்றார். இரண்டாவது அம்மாள் பிரசவ விடுப்பில் போனவர் திரும்பவேயில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் முன்னவர் போட்ட அஸ்திவாரத்தை இடித்துவிட்டு வேறு போடச் சொன்னார். சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம். அவளும் கணவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடப் பழகிவிட்டார்கள். மகள் விடுதியில் தங்கிப் படித்ததால் மூன்றாவது மடிக்கு வேலை இல்லை.

கணவர் லிப்ட் மெக்கானிக். எங்காவது லிப்ட் பாதியில் நின்றால் இவருக்குப் போன் வரும். பேச்சு குறைவு, குறை சொல்வது அதைவிடக் குறைவு. அவள் படிக்கும்போது டி.வி.யை ஊமையாக்கிவிட்டுப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை, அவளுக்கோ அன்றுதான் தலைக்கு மேல் வேலை. அவர் அந்த மதியங்களை எப்படிக் கழிக்கிறார் என்று அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அவளுடைய ஆய்வுக் கேள்வி இதுதான்: ஞாயிறு மதிய நாடகத்துக்கு வருகிறவர்களில் ஒரு கூட்டம் இடைவேளையோடு எழுந்து போய்விடுகிறதே, ஏன்? இதற்குப் 'பார்வையாளர் தக்கவைப்பு' என்று தலைப்பு வேறு. வாரா வாரம் மேடையில் இடைவேளையை அறிவித்த கையோடு ஓடிவந்து முன்வாசலில் போனை நீட்டிக்கொண்டு நிற்பாள். "ஏன் கிளம்புறீங்க?" என்று கேட்டுப் பதிவு செய்வாள். தலைவலி என்பார்கள். பஸ் போயிடும் என்பார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்பார்கள். நாடகம் கழுத்தறுப்பு என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. "நான் சொல்றேன் எழுதிக்குங்க" என்று கேன்டீன்காரர் ஒருநாள் ஆசையாக வந்தார். ஆய்வாளரின் உறவினர், நண்பர், கூட வேலை செய்கிறவர் சொல்வதைச் சேர்க்கக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. அதைச் சொன்னதும், "ஏன், என் பதில் மட்டும் மட்டமா?" என்று ஒரு வாரம் டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தார்.

மூன்றாவது வழிகாட்டி எல்லாப் பதில்களையும் படித்துவிட்டுத் திரையில் பெருமூச்சு விட்டார். இதெல்லாம் மரியாதைக்காகச் சொன்னவை, ஒருவராவது மனசில் இருப்பதைச் சொன்னாரா என்று கேட்டார். அப்படிப்பட்ட பதில்களோடு ஒரு அத்தியாயம் இல்லாமல் ஆய்வு தேறாது. கொடுத்த நீட்டிப்புகளில் இதுதான் கடைசி. இந்தப் பருவத்துக்குள் முடிக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், அத்தனை விடியற்காலையும் குப்பைக்குப் போய்விடும்.

அந்த ஞாயிறு முன்வாசல் பக்கத்துக் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். கூட்டத்தைப் பக்கவாசல் வழியாகத் திருப்பிவிட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய அந்த வாசலில் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. மேடையில் முதல் பாதி முழுக்க ஒரு குடும்பம் கத்தித் தீர்த்திருந்தது. கதவு திறந்தது. முதலில் வந்த ஆள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி விறுவிறுவென்று வந்தார்.

"ஒரு நிமிஷம் சார், ஏன் கிளம்புறீங்கன்னு..." என்று போனை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

அவள் கணவர். திருட்டு முழியோடு நின்றார்.

"நீங்க எங்க இங்க?"

"நீ முன்வாசல்லதானே நிப்ப?" என்றார் அவர், ஏமாற்றப்பட்டவர் மாதிரி.

பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் வாய் அடுத்த கேள்வியைக் கேட்டது.

"அடிக்கடி வருவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

"எப்பலேருந்து?"

"பாப்பா ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா பாஸ் குடுத்து முன்னாடி உட்கார வெப்ப. அப்புறம் நாடகம் எப்படி இருந்துச்சுன்னு கேப்ப. எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப எதுக்குத்தான் வர்றீங்க?"

அவர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஆரம்பத்துல நீ மேடைல வந்து போனை அணைங்கன்னு சொல்லுவல்ல? இடைவேளை விடறப்பவும் ஒரு தடவை வந்து சொல்லுவ. அதுக்குத்தான். அதுக்கப்புறம் அறிவிப்பெல்லாம் ரெக்கார்டுல போட்டுடறாங்க. நீ வரமாட்ட. நான் போய் காயப்போட்ட துணிய எடுத்துட்டு, சமைக்க ஆரம்பிப்பேன்." வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, "வீட்ல நீ லேப்டாப்பப் பார்த்துதானே பேசுற. இங்க நேரா பார்த்து பேசுற" என்றார்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. அப்படி இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். போன் இன்னும் நீட்டியபடியே இருந்தது, பதிவும் ஓடிக்கொண்டிருந்தது.

"இத எழுதுவியா?" என்றார் அவர்.

"எழுதக்கூடாது. உறவுக்காரங்க சொன்னது சேராது. அழிச்சிடணும்."

"அட, இவ்வளவு நேரம் பேசினது வீணா?" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அத்தனை வருஷத்தில் ஒருத்தர் மனசைத் திறந்து சொன்ன ஒரே பதிலை அவள் விதிப்படி அழித்தாள். அழித்த பிறகு, திரும்ப ஒருமுறை கேட்டுவிட்டு அழித்திருக்கலாமே என்று நொந்துகொண்டாள்.

அடுத்து வந்தது சாப்பாட்டுப் பை வைத்திருந்த ஒரு பெண். அவளிடம் ஏன் கிளம்புகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

"எதுக்காக வந்தீங்க?" என்றாள்.

அந்தப் பெண் தயங்கினாள். "பக்கத்து ஆஸ்பத்திரில அம்மாவ சேர்த்திருக்கோம். நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. அதுவரைக்கும் யாரும் என்கிட்ட எதுவும் கேக்காத ஒரு இடம் வேணும். அதான்." பிறகு லேசாகச் சிரித்து, "இப்ப நீங்க கேட்டுட்டீங்க" என்றாள்.

அந்த வார விடியற்காலையில் வழிகாட்டி அந்தப் பெண்ணின் பதிலைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இத்தனை நாள் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறோம், வந்த காரியம் முடிந்ததால் போகிறவர்கள் இவர்கள், இதுதான் அத்தியாயம் என்றார். இன்னொரு பருவம் நீட்டிப்புக்குத் தானே போராடுவதாகவும் சொன்னார். நியாயமாக அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். இன்னொரு பருவம் என்றால் இன்னும் எத்தனை விடியல், எத்தனை ஞாயிறு என்றுதான் மனசு ஓடியது. எல்லோரையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். லேப்டாப்பை மூடி, காகிதக் குவியலின் மேல் நெற்றியை வைத்துப் படுத்துவிட்டாள்.

கணவர் டீயோடு வந்தார். வைக்க இடம் இல்லாமல் கொஞ்ச நேரம் தம்ளரோடு நின்றார்.

"என்னால முடியலங்க" என்றாள் தலையைத் தூக்காமல். "போதும். விட்டுடறேன். உங்களுக்கும் நிம்மதி."

அவர் ஒரு கட்டுக் காகிதத்தை நகர்த்தித் தம்ளரை வைத்தார். "எனக்கு நிம்மதியா இருக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன். இந்த மேஜைல உட்கார்ந்து சாப்பிட எனக்கும் ஆசை" என்றார். பக்கத்து நாற்காலியிலிருந்த புத்தகங்களைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "ஆனா பாதியில எழுந்து போறதுக்கு நம்ம வீட்ல நான் ஒருத்தன் போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. டீ ஆறிப்போகும் வரை இரண்டும் நிற்கவில்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்து, நீட்டிப்பு வேண்டும் என்று வழிகாட்டிக்கு இரண்டு வரி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறும் அதே நாடகம், அதே கத்தல். இடைவேளை முடியும் நேரம் ஒலி அறையை எட்டிப் பார்த்து, "அந்த ரெக்கார்டைப் போடாதீங்க" என்றாள். "ஏன் டாக்டரம்மா, மைக் ரிப்பேரா?" என்று அங்கே இருந்தவர் கேட்பதற்குள் மேடை ஏறிவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. கூடம் இருட்டாகத்தான் தெரிந்தது. பக்கவாசல் மட்டும் பாதி திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் கக்கத்தில் ஹெல்மெட்டோடு ஒரு உருவம், இனி ஒளிந்து ஓட வேண்டியதில்லை என்பதால் நிதானமாக, அப்போதுதான் வெளியே ஒரு காலை வைத்திருந்தது.

"இரண்டாம் பாதி தொடங்குகிறது" என்றாள். வழக்கமாக ரெக்கார்டு அதோடு முடிந்துவிடும். அவள் மைக்கை விடவில்லை. "நாடகம் முடிந்ததும் நான் மறுபடியும் ஒருமுறை மேடைக்கு வந்து நன்றி சொல்வேன்."

இதில் அறிவிக்க என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்குப் போடுகிறவர் மேலே இருந்து கொல்லென்று சிரித்தார். வெளியே வைத்த கால் உள்ளே வந்தது. கதவு சாத்திக்கொண்டது. பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சென்றது.

அன்றைக்கு இடைவேளையில் போனவர்களில் ஒரு ஆள் குறைவு. அதையும் ஆய்வில் சேர்க்க முடியாது.