கிண்டிக்குச் சண்டை போடப் போனேன்

போன மாதம் கிண்டிக்குச் சண்டை போடப் போனேன்.

எனக்காக இல்லை... தேவிக்காக. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவள். எங்கள் வீட்டு பிளவுஸ் எல்லாம் அவள் கைவேலைதான். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்த அவள் குடும்பத்தை, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வீடு அங்கே, வேலை இங்கே. இரண்டு பஸ் மாறி அவள் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும்.

"ஏழாவது படிக்கிற பொண்ணு மேடம்... ஸ்கூல் வுட்டு வந்து தனியா கதவைச் சாத்திக்கினு குந்திகினு கீது. எனக்கு இங்க கையே ஓடல" என்பாள்.

அவளைப் போன்ற பெண்களைப் பேசக் கூப்பிட்டிருந்தது கிண்டியில் இருக்கும் வட்டாரப் பொருளாதார வளர்ச்சி முகமை. பெயரைப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. என்ன செய்துவிடப் போகிறார்கள்? டீ, பிஸ்கட், குரூப் போட்டோ — வேறென்ன?

"நீயும் கூட வா மேடம்" என்றாள். ஆட்டோவில் வழியெல்லாம் மனசுக்குள் ரிஹர்சல் பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே பார்த்தால், தேவியின் கடை முதலாளியும் உட்கார்ந்திருக்கிறார்! தென்காசிப் பக்கத்துக்காரர்.

"போன தடவை, தைக்கத் தெரிஞ்சவங்களுக்கே தையல் கிளாஸ் எடுத்தோம்" என்று சிரித்தார் அங்கிருந்த பெண் அதிகாரி. "இந்தத் தடவை என்ன வேணும்னு நீங்களே சொல்லிடுங்க."

"புடவை எங்கூட்டாண்ட வந்துச்சுன்னா, நான் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வர்றேன்?" என்றாள் தேவி.

முதலாளி பதறிவிட்டார். "பட்டுச் சேலைல்லா! கறை பட்டுட்டா? காணாமப் போயிட்டா? யாரு பொறுப்பு?"

"நாங்க பொறுப்பு சார்" என்றார் அதிகாரி. "அவங்க குடியிருப்புல ஒரு ஹால் பூட்டியே கிடக்கு, அதைத் தையலுக்குக் கேட்டு வாங்கித் தர்றோம். புடவை போக வர வேன் எங்களோடது. இன்ஷூரன்ஸும் போட்டுடறோம்."

இத்தனை வருஷம் ஒரே கடையில் புழங்கியும், இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசினதில்லையாம்! அந்த அதிகாரி செய்தது கல்யாணத் தரகர் பார்க்கிற வேலைதான் — இரண்டு வீட்டாரையும் எதிரெதிரே உட்கார வைப்பது. அதற்கு ஆள் இல்லாமலே எத்தனை நல்ல காரியம் நின்றுபோயிருக்கும்?

"சரிம்மா... ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம்" என்றார் முதலாளி.

என் சண்டையா? வாயைத் திறக்கவே சந்தர்ப்பம் வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான், ஒளிப்பானேன்? கேட்டால் எதுவும் நடக்காது என்றே பழகிவிட்டோம். நடந்துவிட்டால் திருதிருவென்று முழிக்கிறோம். நாளைக்கே வேன் நிற்கலாம், முதலாளி மனசு மாறலாம்... தெரியாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம், ஸ்கூல் விட்ட நேரத்துக்குத் தேவிக்கு போன் போட்டேன். மகள் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் சத்தம்.

"அம்மா இங்கதான் கீது ஆன்ட்டி... இன்னா வேணும்?"

ஒன்றும் வேண்டாம் கண்ணு என்றேன்.